காவேரிப்பட்டணத்து வீட்டை ஒதுக்கப் போற மகளுக்கு

கண்ணு,

அம்மா எழுதறேன். ஓடு பிரிக்க ஆள் வர்றதுக்குள்ள உனக்கு நாலு நாள்தான் இருக்கு. ஓசூர்ல இருந்து போன்ல சொன்னா பாதி காத்துல போயிடும், அதான் எழுத்துல.

முதல் நாளே போட்டோப் பெட்டியையும் உங்க அப்பா அலமாரியையும் திறக்காதே. அதுல உட்கார்ந்தா சாயங்காலம் வரைக்கும் எழுந்திரிக்க மாட்டே, வீடு அப்படியே கிடக்கும். பரண்ல ஆரம்பி. மாப்பிள்ளையை டார்ச் அடிச்சுக் கோலால தட்டிட்டு ஏறச் சொல்லு, தேள் இருக்கும். மூடி இல்லாத டப்பா, டப்பா இல்லாத மூடி, மாங்கா சீசன்ல சேர்ந்த கிரேட்டு, உடைஞ்ச மிக்சி, இதுக்கெல்லாம் யாரும் மனசு கஷ்டப்படப் போறதில்லை. கழிச்சது அன்னைக்கே வாசப்படி தாண்டணும். ராத்திரி திண்ணையில கிடந்தா காலையில பாதி உள்ளே வந்துடும். போகிக்கு எரிச்சுக்கலாம்னு மூலையில ஒதுக்கவும் வேண்டாம், பிளாஸ்டிக்கையும் ரெக்சினையும் எரிக்கவே கூடாது. பழைய டியூப் லைட்டை உடைக்காம எடு, உள்ளே பாதரசம் இருக்கு.

பாத்திரத்துலதான் ஏமாந்து போவோம். வியாபாரி வர்றதுக்கு முன்னாடி நீயே பிரிச்சு எடை போட்டு வை. காந்தம் ஒட்டினா இரும்புக்கு முலாம் பூசினது. அடியில புளியும் உப்பும் வச்சுத் தேய்ச்சுப் பாரு, செவப்பா வந்தா செம்பு, மஞ்சளா வந்தா பித்தளை. ரெண்டையும் ஒரே சாக்குல போட்டா செம்புக்கும் பித்தளை விலைதான் தருவாங்க. தவலை ஒண்ணு, அண்டா ஒண்ணு வச்சுக்கிட்டாப் போதும். உள்பக்கம் ஈயம் வெள்ளையா நிக்குதான்னு பார்த்து எடு. ஈயம் போயி மஞ்சள் தெரிஞ்சா அதுல புளிக்குழம்பும் மோரும் ஊத்தக்கூடாது, களிம்பு ஏறிடும்.

ரசம் வைக்கிற ஈயச் சொம்பு மங்கலா அலுமினியம் மாதிரியே இருக்கும். அது வெள்ளீயம், செம்பைவிடவே விலை கூட. எடைக்குப் போட்டுடாதே, நீ எடுத்துட்டுப் போ. 232 டிகிரியிலயே உருகிடும், அதனால தண்ணி ஊத்தின பிறகுதான் அடுப்புல வைக்கணும். ஊறுகாய் ஜாடியை விரலால தட்டு. கணீர்னு கேட்டா வை, மந்தமா கேட்டா விரிசல். ஆட்டுக்கல் கொல்லைப்பக்கமே இருக்கட்டும்.

மூணாம் நாள் முழுக்கக் காகிதம். பகல் வெளிச்சத்துல பாய் விரிச்சு உட்காரு. பத்திரத்துல சேலம் ஜில்லான்னு இருந்தா வேற யாரோடதோன்னு தள்ளிடாதே. 1965 அக்டோபர் வரைக்கும் நம்ம ஊர் சேலம் மாவட்டம், அப்புறம் தர்மபுரி, 2004 பிப்ரவரியிலதான் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாச்சு. ஒரே நிலத்துக்கு மூணு மாவட்டப் பேர்லயும் காகிதம் இருக்கலாம். உட்பிரிவாகி சர்வே நம்பரும் மாறியிருக்கும், நான்கெல்லையைப் படிச்சுப் பார்த்துத்தான் சேர்க்கணும். தாய்ப்பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம், தாத்தா பாட்டி இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, வீட்டுவரி ரசீது எதுவும் போகக்கூடாது. பட்டா, சிட்டா நகல் இணையத்துலயே எடுத்துக்கலாம், கட்டுக்கட்டா வேண்டாம்.

குண்டூசி, ஸ்டேப்ளர் பின், ரப்பர் பேண்டு எல்லாத்தையும் எடுத்துடு. துரு தாளைத் தின்னும், ரப்பர் இளகி ஒட்டிக்கும். பத்திரத்துக்கு லேமினேஷன் மட்டும் போட்டுடாதே கண்ணு. ஒருதரம் போட்டா பிரிக்க முடியாது, பிரிச்சா தாள் கிழியும், முத்திரையையும் ரேகையையும் சரிபார்க்கவும் வழியில்லாமப் போயிடும். தாளைத் தின்னுற ராமபாணப் பூச்சி ஓடினா நிழல்ல ஆறப்போட்டு, மெல்லிசு பிரஷ்ஷால தட்டி, பருத்தித் துணியில கட்டி பீரோ மேல்தட்டுல வை. பிளாஸ்டிக் கவர்ல போட்டா உள்ளே வேர்த்துப் பூசணம் பிடிக்கும்.

கடைசி நாள் சேலையும் போட்டோவும். பட்டு பழைய மடிப்புலதான் இழை விடும், மடிப்பை மாத்திப் போட்டு வெள்ளைத் துணியில சுத்து. பாச்சை உருண்டை ஜரிகைமேல படக்கூடாது. ஆல்பத்துல ஒட்டிக்கிட்ட போட்டோவைப் பிடிச்சு இழுக்காதே. முதல்ல போன்ல படம் எடுத்துடு, அப்புறம் தையல் நூலை அடியில விட்டு ரெண்டு பக்கமும் மெல்ல மெல்ல அறுத்து எடு.

போறப்ப காந்தம் ஒண்ணு, தொங்கு தராசு, கோணிச் சாக்கு எட்டு, மார்க்கர் பேனா எடுத்துக்க. அடுப்படி மாடத்துல பாட்டியோட வெத்தலைப் பெட்டி இருக்கும். அதை எந்தச் சாக்குலயும் போடாம உன் கைப்பையில வச்சுக்க.

அம்மா