மெதுவாகக் காற்று இறங்கும் டயர்: கடைக்குப் போகும் முன்

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

போன வாரம் என் வண்டியில் பின்பக்க ஜோடி டயரில் உள்பக்க டயர் (ட்யூப்லெஸ்; டிஸ்க், அதாவது டயர் மாட்டும் சக்கரம், இரும்பு) இரண்டு நாளைக்கு ஒருமுறை 15 பவுண்டு (psi) காற்று இறங்கியது. பஞ்சர் கடையில் இரண்டு தடவை பார்த்தும் ஆணி எதுவும் இல்லை. கடைசியில் குற்றவாளி டயர் இல்லை, டிஸ்க்தான்.

முதலில் வால்வைப் பாருங்கள். மூடியைக் கழற்றி ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டால், உள்ளே காற்றை அடைத்து நிற்கும் வால்வு பின் (pin) கசிவது உடனே தெரியும். அந்தப் பின்னை மாற்றப் பெரிய செலவில்லை. வால்வின் அடியில் உள்ள ரப்பர் வாஷர் காய்ந்து வெடித்திருந்தாலும் இதே கதைதான்.

அடுத்து டயரும் டிஸ்கும் சேரும் விளிம்பு, இரண்டு பக்கமும். இங்கே ஷாம்பு நுரையைத் தடவிவிட்டு ஒரு டீ குடிக்கும் நேரம் விடுங்கள். மெதுவான கசிவு கொப்பளிக்காது; கடுகு மாதிரி வெள்ளை நுரை மெல்லத் திரளும். என் டிஸ்கில் அந்த இடத்தில் துரு செதில் செதிலாக ஏறியிருந்தது. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, பெயின்ட் அடித்துக் காயவிட்டு மாட்டினேன். இப்போது இறங்கவில்லை.

வெல்டிங் ஓரத்தில் நுரை வந்தால் அது விரிசல். அதை வெல்டு வைத்து ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், டிஸ்கை மாற்றுங்கள். டயர் மாட்டியிருக்கும்போது டிஸ்கில் வெல்டு வைப்பது வெடிகுண்டுக்குச் சமம், காற்றை இறக்கியிருந்தாலும் சரி.

அப்புறம், காற்றளவை வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே பாருங்கள்.