டேவிட் ஜேசனுக்கு அடித்தது அதிர்ஷ்டமா?

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தேவலை என்று எழுதியிருந்தாய், நிம்மதி. ஆனால் ஆங்கிலேய நகைச்சுவை நடிகர் டேவிட் ஜேசனுக்கு டெல் பாய் வேஷம் கிடைத்தது குருட்டு அதிர்ஷ்டம் என்கிறாயே, அதை விடுவதாக இல்லை.

பாதி சரிதான். டெல் பாய் வரும் 'ஒன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹார்சஸ்' டிவி நகைச்சுவைத் தொடரில் அந்த வேஷத்துக்கு நடிகர் ஜிம் பிராட்பென்ட் உட்பட வேறு சிலரைத்தான் முதலில் யோசித்தார்கள். அது 1981. ஜேசனுக்கு வயது 41.

அதற்கு முன்னால் என்ன செய்தார் என்று பார். லண்டனின் எட்மண்டனில், பில்லிங்ஸ்கேட் மீன் சந்தைத் தொழிலாளியின் மகன். இயற்பெயர் டேவிட் வைட். நடிகர் சங்கத்தில் அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒருவர் இருந்ததால் ஜேசன் ஆனார். பகலில் எலக்ட்ரீஷியன், மாலையில் அமெச்சூர் நாடகம். 1965-இல்தான் பிராம்லி நாடகக் குழுவில் சம்பள நடிகர். 1967-இல் 'டூ நாட் அட்ஜஸ்ட் யுவர் செட்' டிவி தொடரில் கூட நடித்த எரிக் ஐடில், டெரி ஜோன்ஸ், மைக்கேல் பேலின் மூவரும் பிறகு பெரும் புகழ் பெற்ற மான்டி பைதான் நகைச்சுவைக் குழுவுக்குப் போனார்கள், இவரைக் கூப்பிடவில்லை. 1968-இல் 'டாட்ஸ் ஆர்மி' நகைச்சுவைத் தொடரின் கார்ப்பரல் ஜோன்ஸ் வேஷம் கைக்கு வந்து சில மணி நேரத்திலேயே கிளைவ் டன் என்ற நடிகருக்குப் போய்விட்டது. இதையா அதிர்ஷ்டம் என்பாய்?

கிடைத்ததெல்லாம் கிழவர் வேஷம். நகைச்சுவை நடிகர் ரானி பார்க்கரோடு 'ஹார்க் அட் பார்க்கர்' தொடரில் தோட்டக்காரக் கிழவர். 'போரிட்ஜ்' தொடரில் சிறைக்கைதி பிளாங்கோ. அப்போது ஆசாமிக்கு நாற்பதுகூட ஆகவில்லை! கிழவனாக நடிப்பவன் சும்மா எழுந்து நிற்பதையும் யோசித்துத்தான் செய்ய வேண்டும். உடம்பைத் தன் சொல்படி கேட்க வைத்தது அந்த வருஷங்கள்தான் என்பேன்.

'ஒன்லி ஃபூல்ஸ்' தொடரில் 1989 ஜனவரியில் வந்த, டெல் விழும் அந்த மது பார் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார். டெல் கவுண்டரில் சாய்ந்து நிற்கிறான், கொஞ்சம் நகர்கிறான். அந்த இடைவெளியில் பார்க்காரர் கவுண்டரின் வழிப்பலகையைத் தூக்கிவிட்டு வெளியே வருகிறார். டெல் திரும்பவும் சாய்கிறான், பலகை இல்லை. யாராக இருந்தாலும் விழும்போது கை தானாக நீளும், தலை விழும் பக்கம் திரும்பும், முழங்கால் மடங்கும். இதில் ஒன்று நடந்தாலும் விழப்போவது தனக்குத் தெரியும் என்று காட்டிக் கொடுத்துவிடும், சிரிப்பு போச்சு. ஜேசன் வேறெங்கோ பார்த்தபடி, வெட்டிய மரம்போல் பக்கவாட்டில் சாய்கிறார். கீழே மெத்தை இருந்தது. அதை நம்பி உடம்பைத் தளர்த்தியிருந்தால்கூட கேமரா பிடித்திருக்கும். தொடரின் எழுத்தாளர் ஜான் சல்லிவன் இப்படி விழப்போனதை நேரில் பார்த்த ஆள் பாதியில் சமாளித்துக்கொண்டாராம். முழுசாக விழுந்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் ஜேசன்தான்.

அந்தக் காட்சியில் டெல்லின் நண்பன் ட்ரிகராக வரும் ரோஜர் லாய்ட்-பேக்கையும் கவனி. ஆளைக் காணோமே என்று அவர் சுற்றுமுற்றும் பார்ப்பதில்தான் இரண்டாவது சிரிப்பு.

'போரிட்ஜ்' கிடைத்தால் பிளாங்கோ வரும் பகுதிகளை முதலில் பார்த்துவிட்டு எழுது. தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராமு