ஒரு சதமும் தராதவருக்கும், தந்த உங்கள் எல்லோருக்கும்

அன்பு நண்பர்களே,

எங்கள் படத்துக்காக உங்களிடம் கேட்ட இலக்குத் தொகை நேற்றிரவு நிறைந்துவிட்டது. போனைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் நம்ப முடியவில்லை. சென்ற மாதம் என்ன நடந்தது, யார் பாதியில் கைவிட்டார்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதை மறுபடி எழுதி இன்றைய பொழுதைக் கெடுத்துக்கொள்ள மனமில்லை.

கனடாவிலும் சுவிஸிலும் இரவு வேலை முடித்து வந்து பணம் அனுப்பியவர்கள், தமிழ்நாட்டு மண்டபம் அகதி முகாமில் ஆளுக்குக் கொஞ்சமாகச் சேர்த்து ஒரே பெயரில் அனுப்பியவர்கள், கமராவை இரவல் தந்த தம்பி, படத்தொகுப்புக்குத் தன் வீட்டு அறையை ஒதுக்கித் தந்த அக்கா, எல்லோருக்கும் நன்றி. தனித்தனியே எழுதத்தான் ஆசை. ஆனால் ஒரு சதமும் தராத ஒருவரைப் பற்றி இன்று சொல்லாமல் இருக்க முடியாது.

1990 ஜூனில் போருக்குத் தப்பி, யாழ்ப்பாணத்தின் வடகரை மீனவ ஊரான மயிலிட்டியை விட்டு ஓடியபோது எங்கள் படத்தின் அம்மா பள்ளிக்கூடப் பிள்ளை. தமிழ்நாட்டு முகாமிலேயே மணமுடித்து, பேரப்பிள்ளையும் கண்டுவிட்டு, சென்னையிலிருந்து பலாலிக்கு விமானமேறி வந்தார். வீடு நின்ற இடத்தில் பற்றையும் உடைந்த கிணற்றுக் கட்டும்தான் மிச்சம். விடிகாலையில் அந்தக் கட்டின் மேல் அமர்ந்து, அதுவரை எங்களிடம் சொல்லாததை எல்லாம் பேசத் தொடங்கினார். மிகச் சன்னமான குரல். கடலிலிருந்து திரும்பும் படகுகளின் எஞ்சின் இரைச்சல் அதை அப்படியே விழுங்கியது.

ஒலிப்பதிவுத் தம்பியும் நானும் கரைக்கு ஓடினோம். ஓடிப் போய் யாரிடம் என்ன கேட்பது? பிழைப்பைக் கொஞ்சம் நிறுத்துங்கள் என்றா? வலையில் சிக்கிய குப்பையை எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் நாங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு, "எந்த வீட்டுப் பிள்ளை?" என்றார். தகப்பன் பெயரைச் சொன்னோம். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. போனை எடுத்துப் படகு படகாக அழைத்தார். அன்று காலை மயிலிட்டித் துறைக்குள் படகுகள் எஞ்சினை நிறுத்தித் தண்டு வலித்து வந்தன. ஏலத்துக்கு மீன் பிந்தினால் விலை இறங்கும், கூலர் லொறி காத்திராது. இதெல்லாம் அவர்களுக்குத் தெரியாதா என்ன?

அந்தப் பெரியவரும் 27 வருடம் ஊருக்கு வெளியே, அதே வலிகாமப் பகுதியிலேயே இடம்பெயர்ந்தோருக்கான ஒரு நலன்புரி முகாமில் இருந்தவர் என்பது பிறகுதான் தெரிந்தது. 2017 ஜூலையில் இராணுவம் துறையை விட்ட பிறகே அவருடைய கால் இந்த மணலில் பட்டிருக்கிறது. கடல் தாண்டிப் போனவருக்கும் சில மைல் தள்ளி இருந்தவருக்கும் ஊர் ஒரே தூரத்தில்தான் இருந்திருக்கிறது. படத்தில் இனி அந்த முகாம் வாழ்க்கையும் வரும். இன்னும் விடப்படாத காணிகளின் வேலியும் வரும். அதற்கும் சேர்த்துத்தான் நீங்கள் பணம் தந்திருக்கிறீர்கள்.

பெயர்ப்பட்டியலில் உங்கள் பெயரைப் போடட்டுமா என்று அவரிடம் கேட்டேன். "பெயர் கிடக்கட்டும் தம்பி. படத்தை இங்கே கொண்டுவந்து காட்டுங்கள்" என்றார்.

ஆகவே முதல் திரையிடல் மயிலிட்டிக் கரையில்தான், எந்த விழாவுக்கும் முன்னால், தொழிலுக்குப் போகாத ஒரு நாள் மாலையில். பங்களித்தவர்களுக்கான இணைப்பு மறுநாள் வந்து சேரும். காசு தந்த எங்களுக்கு இரண்டாம் இடமா என்று யாராவது கோபித்தால் தாராளமாகக் கோபிக்கலாம், முடிவு மாறாது.