ஓ.டி.பி. எங்கள் ஊருக்கு வருவதில்லை: மாவட்ட ஆட்சியருக்கு மீண்டும் ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்
ஊர்ப் பொதுமக்கள்,
ஏரிக்குக் கீழ்புறம் உள்ள நான்கு தெருக்களும் காலனியும்.
(பெயர், கதவு எண், கையெழுத்து விவரம் இணைப்பில்)

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

பொருள்: செல்போன் டவருக்கு பேட்டரி இல்லாததால் கரன்ட் போகும்போதெல்லாம் சிக்னல் அறுந்து, அரசு சேவைகளுக்கான ஓ.டி.பி. வந்து சேராமை – டவரைச் சரிசெய்யவும், அதுவரை ஊராட்சி அலுவலகத்தில் உள்ள ஃபைபர் இணைப்பை இயக்கித் தரவும் வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: 1. மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் நாங்கள் அளித்த முந்தைய மனுக்கள்.
2. அக்டோபர் 2 கிராம சபைத் தீர்மானம்.
3. "தங்கள் மனு முடித்துவைக்கப்பட்டது" என்று வந்த குறுஞ்செய்திகள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் ஊரைத் தங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. போன மழைக்காலத்தில் ஏரி நிரம்பியபோது தாங்களே உபரித் தண்ணீர் வழியும் கலிங்கு வரை வந்து பார்த்துவிட்டுப் போனீர்கள். கலிங்கின் மேல் நின்றபடி தாங்கள் போனில் பேசியதை ஊரே பார்த்தது. அதனால் இங்கே சிக்னலுக்குக் குறைவில்லை என்று தங்களுக்குத் தோன்றியிருந்தால் வியப்பில்லை. ஆனால் கலிங்கில் கிடைப்பது பக்கத்து ஊர் டவரின் சிக்னல். கரையை விட்டு இறங்கிப் பிள்ளையார் கோயிலைத் தாண்டினால் எங்கள் ஊர் டவர்தான் கதி. இந்த மனு அந்த டவரைப் பற்றியது. முந்தைய மனுக்களும் அதைப் பற்றியவையே.

1. ரேஷன் கடைக்குப் பின்னால் நிற்கும் அந்த டவர் கரன்ட் இருக்கும்வரை ஒழுங்காக வேலை செய்கிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கரன்ட் போன சில நிமிடங்களில் அதுவும் போய்விடுகிறது. முன்பெல்லாம் பேட்டரி தாங்கும், அதற்குமேல் ஜெனரேட்டர் ஓடும். பழுது என்று சொல்லி பேட்டரிகளைக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனவர்கள் திரும்பி வரவில்லை. ஜெனரேட்டர் கூண்டுக்குள் கோழி அடைகாக்கிறது. காற்று வேகமாக அடித்தால் லைன் டிரிப் ஆகும், மழை பெய்தால் நிறுத்துவார்கள், மாதாந்திரப் பராமரிப்பு நாளில் காலை 9 மணிக்குப் போனால் சாயங்காலம்தான் வரும். அத்தனை நேரமும் ஊரில் ஒரு போனிலும் ஒரு கோடு கிடையாது.

2. முந்தைய மனுக்களுக்குக் கிடைத்த ஒரே பதில், "இது தனியார் நிறுவனம் சம்பந்தப்பட்டது" என்பது. நிறுவனத்திடம் கேட்டால், "உங்கள் பகுதியில் சேவை வழக்கம்போல் உள்ளது" என்கிறார்கள். எந்த இடத்தில் சேவை உண்டு என்பதை வரைபடமாக இணையத்தில் போட வேண்டும் என்று 2024ஆம் ஆண்டு விதிமுறையில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் சொல்லியிருக்கிறது. அவர்களும் போட்டிருக்கிறார்கள். அந்த வரைபடத்தில் எங்கள் ஊர் பச்சைப் பசேலென்று இருக்கிறது! கரன்ட் இருக்கும்போது எடுத்த கணக்கு போலும்.

அதே விதிமுறைப்படி 24 மணி நேரத்துக்கு மேல் சேவை முடங்கினால் வாடிக்கையாளருக்குக் கட்டணக் கழிவோ வேலிடிட்டி நீட்டிப்போ தர வேண்டும். ஆனால் அந்த முடக்கத்தை மாவட்ட அளவில்தான் கணக்கிடுவார்களாம். மாவட்டம் முழுக்கப் போன் அடங்கினால்தான் அது முடக்கம். எங்கள் ஒரு ஊர் நாளுக்கு ஐந்து மணி நேரம் ஊமையாகக் கிடந்தால் அதற்கு எந்த ஏட்டிலும் பெயர் இல்லை.

இணைப்பே இல்லாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொண்டுபோக 2022 ஜூலையில் மத்திய அமைச்சரவை 26,316 கோடி ரூபாய் ஒதுக்கியது. அதிலும் எங்களுக்கு இடமில்லை, ஏனென்றால் எங்களுக்குத்தான் டவர் இருக்கிறதே.

3. ஐயா, போன் பேச முடியாததைக்கூட நாங்கள் பொறுத்துக்கொள்வோம். ஓ.டி.பி. விஷயத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. தயவுசெய்து இந்தப் பத்தியை மட்டுமாவது முழுக்கப் படிக்க வேண்டுகிறோம்.

வருமானச் சான்று, சாதிச் சான்று, பட்டா மாறுதல், கல்வி உதவித்தொகை, முதியோர் பென்ஷன், பி.எம். கிசான் என்று எதைத் தொட்டாலும் ஓ.டி.பி. கேட்கிறது. ஆதாரிலிருந்து வரும் ஓ.டி.பி.க்கு ஆயுள் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தில் கரன்ட் இருக்க வேண்டும், டவர் இருக்க வேண்டும், ஆதாரில் பதிந்த நம்பர் உள்ள போன் கையில் இருக்க வேண்டும். மூன்றும் ஒன்றுசேர்வது எங்கள் ஊரில் முகூர்த்த நாள் பார்ப்பது போல ஆகிவிட்டது.

டவுனில் போய் இ-சேவை மையத்தில் செய்யலாமே என்று ஒரு அதிகாரி கேட்டார். செய்கிறோம். ஒரு சான்றுக்கு 60 ரூபாய் கட்டணம், பஸ் செலவு, ஒரு நாள் கூலி. போகட்டும். ஆனால் வீட்டுக்கு ஒரு போன்தான். அப்பா, அம்மா, பாட்டி, பிள்ளைகள் எல்லாருடைய ஆதாரிலும் அந்த ஒரே நம்பர். அந்தப் போனை எடுத்துக்கொண்டு வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருப்பார். டவுனில் வரிசையில் நிற்கும் மகளின் ஓ.டி.பி. அவருக்குப் போகும். அவர் அந்நேரம் ஊருக்குள் இருந்து, ஊரில் கரன்டும் இல்லையென்றால் முடிந்தது கதை. "வரலையா? தள்ளி நில்லும்மா, அடுத்தவங்க வரட்டும்."

போன ஆண்டு பிளஸ் டூ முடித்த பிள்ளை ஒன்று உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க டவுன் மையத்தில் உட்கார்ந்தது. போன் ஊரில், வீட்டில் இருந்தது. கடைசி நாள். மதியம் ஊரில் கரன்ட் போனது. ஓ.டி.பி. கேட்டுக் கேட்டு, "சிறிது நேரம் கழித்து முயலவும்" என்று தளமே அந்தப் பெண்ணை வெளியே தள்ளிவிட்டது. ராத்திரி கரன்ட் வந்ததும் வீட்டிலிருந்த அந்தப் போன் விடாமல் அடித்தது. மதியம் கேட்ட அத்தனை ஓ.டி.பி.யும் வரிசையாக வந்து விழுந்தன. எல்லாமே ஆறு இலக்கம், எல்லாமே காலாவதி. அதற்குள் விண்ணப்பத் தளம் மூடியாகிவிட்டது. அந்தப் பிள்ளை இப்போது மில்லுக்குப் போகிறது. கோப்பில் பார்த்தால், "விண்ணப்பிக்கவில்லை" என்றுதான் இருக்கும் ஐயா. விண்ணப்பிக்காத பிள்ளையா அது?

கேஸ் சிலிண்டருக்கும் இப்போது டி.ஏ.சி. என்று எஸ்.எம்.எஸ்.ஸில் வரும் டெலிவரி நம்பர் வந்துவிட்டது. வண்டி தெருமுனையில் நிற்கும், நம்பர் சொன்னால்தான் சிலிண்டர் இறங்கும். நல்ல ஏற்பாடுதான், கள்ளத்தனம் குறையும். எஸ்.எம்.எஸ். வராத அன்று என்ன செய்வது? வண்டிக்காரர் மேலும் குற்றமில்லை, அவர் எத்தனை வீட்டுக்குக் காத்திருப்பார்? ஏற்றிக்கொண்டு திரும்பிவிடுகிறார்.

4. "ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று போனைக் கையில் எடுத்தாலே காதில் விழுகிறது. பணம் போனால் 1930க்கு அழைக்கச் சொல்கிறார்கள். எல்லாம் சரி. எங்கள் ஊரில் கரன்ட் போன நேரத்தில் நடப்பதைத் தாங்கள் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும். சைக்கிள் வைத்திருக்கும் பையன் ஒருவன் வீடு வீடாகப் போனை வாங்கி ஒயர் கூடையில் போட்டுக்கொண்டு கலிங்குக்குப் போகிறான். எது யாருடையது என்று தெரிய, பட்டன் போன்களின் முதுகில் பிளாஸ்திரி ஒட்டிப் பெயர் எழுதியிருக்கிறது. வந்த நம்பரைக் கரையில் நின்று கத்துவான், கீழே நிற்பவர் குறித்துக்கொள்வார். ஊரார் ஓ.டி.பி. ஊருக்கே கேட்கும். அவன் நல்ல பையன், எங்களுக்கு ஐயமில்லை. ஆனால் இதுவா பாதுகாப்பு?

இருட்டிய பிறகு அந்தக் கரைக்குப் பெண்கள் போக முடியாது. மழைக்காலத்தில் ஆண்களும் போகப் பயப்படுகிறார்கள், கரையில் பாம்பு நடமாட்டம் அதிகம். போன மழையில் ஏரியைப் பார்க்க வந்த தங்களுக்கே அது தெரியும்.

5. இனி, அதிகச் செலவில்லாமல் நடக்கக்கூடியது ஒன்று. இதைத்தான் முந்தைய மனுக்களிலும் கேட்டோம்.

தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கேபிள் கொண்டுபோகும் பாரத்நெட் திட்டத்தில் எங்கள் ஊராட்சிக்கும் கேபிள் வந்துவிட்டது. தலைவர் அறைக்கு அடுத்த அறையில், சுவரில் அந்தப் பெட்டி தொங்குகிறது. பெட்டி பூட்டியிருக்கிறது. சாவி யாரிடம் என்று கேட்டால் செயலர் ஒப்பந்ததாரரைக் காட்டுகிறார், ஒப்பந்ததாரர் போனை எடுப்பதில்லை. யு.பி.எஸ். இருந்த இடத்தில் நான்கு ஆணி மட்டும் இருக்கிறது.

அந்தப் பெட்டிக்கு உயிர் கொடுத்து ஒரு வைஃபை ரூட்டரும் ஒரு பேட்டரியும் வைத்தால் போதும். பெரிய செல்போன் நிறுவனங்கள் பல ஆண்டுகளாகவே வைஃபை காலிங் வசதி தருகின்றன. டவர் இல்லாவிட்டாலும் வைஃபை வழியாகப் போன் வரும். குறுஞ்செய்தியும் வருகிறதா என்று எங்கள் ஊர்ப் பிள்ளைகள் டவுனில் ஒரு வீட்டில் சோதித்துப் பார்த்தார்கள். போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, வைஃபையை மட்டும் ஆன் செய்து வைத்தபோது ஓ.டி.பி. வந்தது. பட்டன் போனில் இது நடக்காது. அதற்கும் வழி உண்டு: ஊராட்சி அலுவலகத்தில் ஒரு ஸ்மார்ட்போன் இருந்தால் பாட்டிமார் தங்கள் சிம்மை அதில் போட்டு, அவர்களே பார்த்துவிட்டுக் கழற்றிக்கொண்டு போகலாம். கலிங்கில் நின்று கத்துவதை விட இது எவ்வளவோ மேல்.

கேபிள் வந்திருக்கிறது ஐயா. அரசுப் பணத்தில் ரோட்டோரமாகப் பள்ளம் தோண்டிப் போட்ட கேபிள். அதைப் பூட்டி வைத்துக்கொண்டு எங்களைப் பாம்புக் கரைக்கு அனுப்புவதில் என்ன நியாயம்?

6. ரீசார்ஜ் பற்றி ஒரு வார்த்தை. டேட்டாவே வேண்டாத பட்டன் போன்காரர்களுக்குப் பேச்சும் எஸ்.எம்.எஸ்.ஸும் மட்டும் உள்ள பேக் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் ட்ராய் உத்தரவிட்டது. எங்கள் ஊரில் ரீசார்ஜ் செய்துதருபவர் அதைப் பற்றிச் சொல்வதும் இல்லை, கேட்டால் காட்டுவதும் இல்லை. ஓ.டி.பி. வாங்குவதற்காக மட்டுமே டேட்டாவோடு ரீசார்ஜ் செய்யும் பாட்டிகள் இருக்கிறார்கள். ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் நம்பர் போய்விடும். நம்பர் போனால் ஆதாரில் மாற்ற 75 ரூபாய் கட்ட வேண்டும். இது தங்கள் கையில் இல்லை என்பது தெரியும். ரேஷன் கடைப் பலகையில் ஒரு அறிவிப்பு ஒட்டச் சொல்வது தங்கள் கையில் இருக்கிறது.

7. சட்டம் எங்கள் பக்கம் இல்லாமல் இல்லை. நெட்வொர்க் கோளாறைக் காரணம் காட்டிப் பயனாளியைத் திருப்பி அனுப்பக் கூடாது, பதிவேட்டில் எழுதியாவது பலனைத் தர வேண்டும் என்று 2017 அக்டோபரிலேயே ஆதார் ஆணையம் சுற்றறிக்கை விட்டது. இணையவழிச் சேவையை அணுகுவது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று சொன்னது. பணப் பரிமாற்றத்துக்கு எஸ்.எம்.எஸ். ஓ.டி.பி.யை மட்டுமே நம்ப வேண்டியதில்லை, வேறு முறைகளும் இருக்கலாம் என்று ரிசர்வ் வங்கியே விதி எழுதிவிட்டது. கோடிக்கணக்கில் பணம் புரளும் வங்கிக்கு மாற்று வழி உண்டு, ஒரு வருமானச் சான்றுக்கு இல்லையா?

8. டவர் தனியாருடையது என்று மறுபடியும் பதில் வரும் என்று எதிர்பார்க்கிறோம். அதனால் இப்போதே சொல்லிவிடுகிறோம். தாலுகா ஆபீஸ் ஜன்னலை மூடிவிட்டு, எல்லாவற்றையும் போனில் செய்துகொள்ளுங்கள் என்று சொன்னது நாங்கள் இல்லை. அரசு சொன்னது. சொன்ன அன்றிலிருந்து அந்த டவர் தாலுகா ஆபீஸ் ஜன்னல்தான். ஜன்னல் நாளுக்கு ஐந்து மணி நேரம் மூடிக் கிடந்தால் பொறுப்பு தங்கள் அலுவலகத்துக்கு உண்டா, இல்லையா?

9. புகார் கொடுக்கும் இணையதளத்திலும் ஓ.டி.பி. கேட்கிறது. ஓ.டி.பி. வரவில்லை என்று புகார் கொடுக்க ஓ.டி.பி. வேண்டும். இதற்குமேல் நாங்கள் என்ன எழுதுவது?

10. ஆகவே ஐயா அவர்கள் கருணை கூர்ந்து,

டவர் நிறுவனத்தாரை நேரில் அழைத்து, பேட்டரியும் ஜெனரேட்டரும் எந்தத் தேதிக்குள் வரும் என்று எழுத்தில் வாங்கித் தர வேண்டும்;

ஊராட்சி அலுவலகத்து ஃபைபர் பெட்டியைத் திறந்து இயக்க உத்தரவிட வேண்டும். சாவி இல்லையென்றால் பூட்டை உடைக்க அனுமதி தாருங்கள், ஆள் நாங்கள் தருகிறோம்;

இவை நடக்கும்வரை மாதம் இரு நாள், கைரேகையோ முகமோ பார்த்து விண்ணப்பத்தை முடிக்கும் கருவியோடு ஒரு ஊழியரை ஊருக்கு அனுப்ப வேண்டும்;

கரன்ட் இல்லாத நாளில் கடைசித் தேதி தவறிய பிள்ளைகளின் உதவித்தொகை விண்ணப்பத்தை மறுபடியும் வாங்க வேண்டும். மற்றதெல்லாம் தாமதமானாலும் இது மட்டும் தாமதமாகக் கூடாது. தயவுசெய்து. அடுத்த கல்வியாண்டு தொடங்குவதற்குள் வேண்டும்.

இந்த மனுவுக்கான பதிலைத் தபாலில் அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம். குறுஞ்செய்தி வேண்டாம். தபால்காரர் கரன்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வருகிறார்.

இப்படிக்கு,
ஊர்ப் பொதுமக்கள்

இணைப்பு: கையெழுத்துத் தாள்கள், கிராம சபைத் தீர்மான நகல், பூட்டிய ஃபைபர் பெட்டியின் புகைப்படம்.