திங்கட்கிழமை ஒரு விசாரிப்பு

கோயம்புத்தூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். அந்த அலைச்சலில் உட்கார்ந்து எழுத முடியவில்லை. இப்போது நன்றாக இருக்கிறார். சொட்டு மருந்து மட்டும் நான்தான் விட வேண்டும், வேறு யார் கையும் ஆகாது. உன் மகள் நர்சிங்தான் படிப்பேன் என்று நிற்கிறாளாமே. ரொம்ப சந்தோஷமடி. உன்னைப் பார்த்து வளர்ந்த பெண் வேறென்ன கேட்பாள்?

வேலை எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தாய். ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. போன வருஷம் ஒரு மருத்துவமனைக்காக சுகர், பிரஷர் நோயாளிகளுக்கு மாத்திரை நேரத்தை நினைவூட்டும் ஏற்பாடு செய்தோமே, தினமும் காலை ஏழு மணிக்கு எஸ்எம்எஸ் போகுமே, அதன் பழைய பதிவுகளைப் போன மாதம் புரட்டினேன். அந்த எண்ணுக்கு நோயாளிகள் பதில் அனுப்பியிருக்கிறார்கள். நாங்கள் அதை ஒருவழிப் பாதையாகத்தான் கட்டியிருந்தோம். அதை அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. ‘கால் வீங்கிருக்கு, வரலாமா’ என்று ஒரு பெரியவர் கேட்டிருக்கிறார். அதற்குக் கீழே மறுநாள் காலை ஏழு மணிக்கு எங்கள் நினைவூட்டல். அடுத்த நாளும் அதே. இப்படியே பதினொரு நாள். விசாரித்ததில், அவர் வேறொரு டாக்டரைப் பார்த்துச் சரியாகிவிட்டாராம். ஆனாலும் அந்த ‘வரலாமா’ என் கண்ணை விட்டுப் போகவில்லை.

அப்புறம்தான் கென்யாவில் நடந்த வெல்டெல் ஆய்வை மறுபடி எடுத்துப் படித்தேன். 2010-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. மூன்று கிளினிக்குகள், எச்ஐவிக்கு மருந்து தொடங்கிய 538 பேர். ஏறக்குறைய பாதிப் பேருக்கு வாராவாரம் கிளினிக்கிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் போகும்: ‘மம்போ?’ சுவாஹிலியில் ‘எப்படி இருக்கீங்க?’ என்பது மாதிரி. மாத்திரையைப் பற்றி ஒரு சொல் கிடையாது. நோயின் பெயரும் கிடையாது. வீட்டில் வேறு யாராவது போனை எடுத்துப் பார்த்தாலும், தெரிந்தவர் யாரோ நலம் விசாரிக்கிறார் என்றுதான் நினைப்பார்கள். 48 மணி நேரத்துக்குள் ‘சாவா’ என்று பதில் வந்தால் நலம், ‘ஷிடா’ என்றால் சிக்கல். ஷிடா என்றவரையும், பதிலே போடாதவரையும் கிளினிக்கிலிருந்து போனில் கூப்பிட்டுப் பேசுவார்கள். அவ்வளவுதான் ஏற்பாடு. ஒரு வருஷ முடிவில், எஸ்எம்எஸ் போனவர்களில் மருந்தை ஒழுங்காக எடுத்ததாகச் சொன்னவர்கள் 62 சதவீதம். எஸ்எம்எஸ் போகாதவர்களில் 50 சதவீதம். ரத்தத்தில் வைரஸ் அடங்கியிருந்தது எஸ்எம்எஸ் போனவர்களில் 57 சதவீதம், போகாதவர்களில் 48.

நம் பக்கத்து 99டாட்ஸை உனக்கே தெரியும். டிபி மாத்திரை அட்டையைச் சுற்றி ஓர் உறை. மாத்திரையைப் பிதுக்கினால் உள்ளே மறைந்திருக்கும் எண் தெரியும். அதற்கு ஓர் இலவச போன் கால் அடித்தால் அன்றைய மாத்திரை போட்டதாகக் கணக்கு. காசு செலவில்லை, பட்டன் போனே போதும். யோசித்தவர்களைக் கும்பிடலாம். ஆனால் சென்னை, வேலூர், மும்பையில் நோயாளிகளின் சிறுநீரைப் பரிசோதித்து ஒப்பிட்டபோது, மாத்திரை போட்டும் கால் அடிக்காமல் விட்டவர்கள் இருந்தார்கள். எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. ஆறு மாதம் தினமும் ‘போட்டுட்டேன்’ என்று சொல்கிறவருக்கு, மறுமுனையில் ‘சரிங்க, வாந்தி நின்னுச்சா?’ என்று கேட்க ஓர் ஆள் வேண்டாமா?

போன பொங்கலுக்கு உன் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தேனே, மருந்து வரிசையில் நின்ற அந்தப் பாட்டியை ஞாபகம் இருக்கிறதா? ரப்பர் பேண்ட் போட்ட பட்டன் போன். பின்பக்கம் பிளாஸ்திரி ஒட்டி, அதில் திருப்பூர் மகனின் நம்பர். ‘உன் நம்பரும் எழுதிக் குடு தாயி’ என்று நீட்டினார். நீ பால்பாயிண்ட் பேனாவை நாலு தரம் அழுத்தி அழுத்தி எழுதினாய், பிளாஸ்திரியில் மை பிடிக்காமல். மூன்றாவது நம்பருக்கு அதில் இடமே இல்லை. இப்போது எதை வடிவமைக்க உட்கார்ந்தாலும் அந்தப் பிளாஸ்திரிதான் முன்னால் வருகிறது.

புதிதாக ஒன்று செய்கிறோம். திங்கட்கிழமை காலை ஒரு குரல் அழைப்பு மட்டும்: ‘எப்படி இருக்கீங்க? நல்லா இருந்தா ஒண்ணை அமுக்குங்க. நர்ஸ் பேசணும்னா ரெண்டை அமுக்குங்க.’ இரண்டை அமுக்கியவர்களும், போனை எடுக்காதவர்களும் நர்ஸின் பட்டியலுக்குப் போவார்கள். அந்தப் பட்டியல்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. ஊசி, பதிவேடு, ஆன்லைன் என்ட்ரி என்று ஏற்கெனவே நீ படும் பாட்டில், நாற்பது பேரைக் கூப்பிடு என்று கொடுத்தால் அதுவும் யாரும் திறக்காத இன்னொரு பெட்டியாகிவிடும்.

அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். ஒரு நாளைக்கு நீ எத்தனை பேரைத் திரும்பக் கூப்பிட்டு நின்று பேச முடியும்? மீட்டிங்கில் சொல்கிற எண் வேண்டாம், உன்னால் நிஜமாக முடிவதைச் சொல். ஐந்து என்றால் ஐந்துக்குத்தான் கட்டுவேன். அப்புறம் அந்த ‘எப்படி இருக்கீங்க’வை உன் குரலில் பதிவு செய்து அனுப்பு. ஸ்டுடியோ எல்லாம் வேண்டாம், வார்டு சத்தம் பின்னால் கேட்டாலும் பரவாயில்லை.

அம்மா உன்னை விசாரித்தார்.

அன்புடன்,
சுமதி