எங்கள் கடையில் ‘பசுமைப் பொருள்’ அலமாரி ஏன் இல்லை? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். சுற்றுச்சூழலுக்கு உகந்த பொருட்களை மட்டும் தனி அலமாரியில் அடுக்கி வைத்தால் தேடி எடுக்க எளிதாக இருக்குமே என்று உங்களில் பலர் கேட்டு வருகிறீர்கள். கேட்பது நியாயமே. ஆனால் அப்படியொரு பலகையை மாட்டினால், அதன் கீழுள்ள ஒவ்வொரு பொருளுக்கும் கடையே சாட்சி சொன்னதாகிவிடும். விற்பனைப் பிரதிநிதிகள் கொண்டுவரும் சரக்கில் பச்சை இலைப் படத்துக்குக் குறைவில்லை, அதற்கான ஆதாரத்தைக் கேட்டால்தான் பேச்சு வேறு பக்கம் போகிறது என்பதால், அந்தச் சாட்சியைச் சொல்ல நாங்கள் முன்வரவில்லை.

அதிகம் கேட்கப்படும் ‘மக்கும் பை’யையே எடுத்துக்கொள்வோம். இந்தப் பெயரில் விற்கப்படுபவற்றில் ஒரு வகை, சாதாரண பாலித்தீனுடன் சில உலோக உப்புகளைச் சேர்த்து, வெயிலிலும் காற்றிலும் விரைவாக நொறுங்கும்படி செய்யப்பட்டது. நொறுங்குவதும் மக்குவதும் ஒன்றல்ல. கண்ணில் படாத அளவுக்குத் துகளானாலும் அது பிளாஸ்டிக்காகவே மண்ணில் கிடக்கிறது. இவ்வகைப் பிளாஸ்டிக்கில் செய்த பொருட்களை ஐரோப்பிய ஒன்றியம் 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே தடை செய்தது இதனால்தான். மற்றொரு வகை, சோளம் போன்றவற்றின் மாவுச்சத்திலிருந்து பெறப்படும் பிஎல்ஏ என்னும் பிளாஸ்டிக் முதலியவற்றால் ஆனது. இது உண்மையிலேயே மக்கும், ஆனால் எங்கு, எவ்வளவு காலத்தில் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இதற்கான ஐஎஸ்/ஐஎஸ்ஓ 17088 தரநிலையின்படி, சுமார் 58 டிகிரி செல்சியஸ் வெப்பம் காக்கப்படும் உரமாக்கும் சூழலில், பையிலுள்ள கரிமத்தில் 90 விழுக்காடு 180 நாட்களுக்குள் கரியமில வாயுவாக மாற வேண்டும். அந்த வெப்பம் பெரிய உரக்கூடங்களில் கிடைக்கும்; மாடித்தோட்டத்துத் தொட்டியிலோ சாக்கடையிலோ கடற்கரையிலோ கிடைக்காது. எனவே உரக்கூடத்துக்குப் போகாத பையில் ‘மக்கும்’ என்ற சொல் பொய்யாக இல்லாவிட்டாலும், வாங்குபவருக்குப் பயன்படாத உண்மையாகவே நிற்கிறது. இத்தகைய பைகளை விற்பதற்கு முன் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும் என்பது விதி. அதைக் காட்டாதவர்களிடம் நாங்கள் சரக்கு எடுப்பதில்லை.

துணிப்பை என்ற பெயரில் வரும் நான்-ஓவன் (நெய்யப்படாத) பை தொட்டால் துணி போலவே இருக்கும். அது பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள தடைப்பட்டியலில் இதுவும், பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் இருக்கின்றன.

சரி, அசல் பருத்திப் பைக்காவது ‘பசுமை’ என்று எழுதலாமே என்பீர்கள். டென்மார்க்கின் சுற்றுச்சூழல் துறை 2018இல் வெளியிட்ட ஆய்வு, பருத்தி விளைச்சலுக்கும் நெசவுக்கும் செலவாகும் நீர், உரம், மின்சாரம் ஆகியவற்றைக் கணக்கில் கொண்டு, ஒரு சாதாரண பருத்திப் பை மெல்லிய பிளாஸ்டிக் பைக்கு நிகராக வேண்டுமானால், பருவநிலைப் பாதிப்பு ஒன்றை மட்டும் பார்த்தாலே 52 முறையும், எல்லா அளவைகளையும் பார்த்தால் 7,100 முறையும் பயன்படுத்தப்பட வேண்டும் என்றது. தெருவிலும் நீர்நிலையிலும் பிளாஸ்டிக் சிதறிக் கிடப்பதால் வரும் கேடு அந்தக் கணக்கில் சேரவில்லை என்பதால், நம் ஊர் நிலைமைக்கு அதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை என்பதே எங்கள் எண்ணம். ஆயினும் வீட்டில் பத்துத் துணிப்பை இருக்கையில் பதினோராவது வேண்டாம் என்பதை, விற்கிற நாங்களே சொல்ல வேண்டியிருக்கிறது.

உண்மையாகவே இருந்தும் ஒன்றும் சொல்லாத வாசகங்கள் வேறு வகை. நறுமணத் தெளிப்பான்களில் ‘சிஎஃப்சி இல்லை’ என்று பெருமையாக அச்சிடுகிறார்கள். சிஎஃப்சி என்பது ஓசோன் படலத்தைச் சிதைக்கும் வாயு. அந்தப் படலத்தைக் காக்க நாடுகள் செய்துகொண்ட மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி, சில மருத்துவத் தேவைகள் நீங்கலாக, சிஎஃப்சி உற்பத்தி 2010க்குள் உலகெங்கும் நிறுத்தப்பட்டது. ஆகவே எந்த நிறுவனத்தின் தெளிப்பானிலும் அது இருக்கக்கூடாது. டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணும் அப்படித்தான். அது எந்த வகைப் பிளாஸ்டிக் என்பதைக் குறிக்கிறதே தவிர, மறுசுழற்சி செய்யப்பட்டது என்றோ செய்யப்படும் என்றோ உறுதி தருவதில்லை.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபர் 15 அன்று இத்தகைய பசுமை வாசகங்களுக்கென வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ‘பசுமை’, ‘தூய’, ‘சுற்றுச்சூழலுக்கு உகந்த’ போன்ற பொதுச் சொற்களை உரிய விளக்கமும் ஆதாரமும் இன்றிப் பயன்படுத்தக் கூடாது. சொல்லப்படும் நன்மை முழுப் பொருளுக்கா, அதன் ஒரு பகுதிக்கா, உறைக்கா, தயாரிப்பு முறைக்கா என்பதைக் குறிப்பிட வேண்டும். ஆதாரத்தை விளம்பரத்திலோ, க்யூஆர் குறியீடு அல்லது இணைய முகவரி வழியாகவோ நுகர்வோர் காணும்படி செய்ய வேண்டும். இந்த நெறிகள் தயாரிப்பாளரோடு வணிகரையும் கட்டுப்படுத்துகின்றன. அப்படிக் கட்டுப்படுத்துவது சரியென்றே கருதுகிறோம், ஏனெனில் பொருளை உங்கள் கையில் கொடுப்பவர்கள் நாங்கள்தான்.

ஆகவே தனி அலமாரிக்குப் பதிலாக, பொருளின் அருகே சிறு அட்டை ஒன்றை வைக்கிறோம். எங்களால் சரிபார்க்க முடிந்தது மட்டும் அதில் இருக்கும்: ‘பாக்கு மட்டைத் தட்டு, மேற்பூச்சு இல்லை’ என்பது போல. இயற்கை விளைபொருள் என்று வரும் பொட்டலங்களில் இயற்கை உணவுக்கான அரசு முத்திரையான ஜைவிக் பாரத் இல்லையென்றால், அட்டையில் அந்தச் சொல் இடம்பெறாது. வழங்குநர்கள் தந்த சான்றிதழ்களின் நகல்கள் பில் போடும் மேசையில் ஒரு கோப்பில் உள்ளன. வேண்டியதைக் கேட்டுப் படிக்கலாம். நீங்கள் வாங்கிய பொருளின் வாசகத்தில் ஐயம் இருந்தால் அதன் உறையுடன் எங்களிடம் வாருங்கள், தயாரிப்பாளரிடம் எழுத்தில் விளக்கம் கேட்டுத் தருகிறோம். நேரடியாகப் புகார் செய்ய விரும்புவோர் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைக்கலாம்.

இப்படிக்கு,
கடை நிர்வாகம்