ஹொக்கி அட்டைப் பெட்டிகள் உன்னிடம் வருமுன்

அன்பு மகளுக்கு,

ஹொக்கி அட்டைகள், அதாவது ஐஸ் ஹொக்கி வீரர்களின் படம் போட்ட சேகரிப்பு அட்டைகள், முழுவதையும் நீயே பொறுப்பெடுக்கிறேன் என்று சொன்னது எனக்குப் பெரிய சந்தோசம். பெட்டிகள் அடுத்த கிழமை வந்து சேரும். அதற்குமுன் இந்தக் கடிதத்தை ஆறுதலாக வாசி. தொலைபேசியில் சொன்னால் பாதி விடுபட்டுப் போகும்.

விளையாட்டு வீரரின் பெயரைப் பார்த்து அட்டையை மதிப்பிடாதே. முதலில் கடதாசியைப் பார். ஒரே ஆள், ஒரே வருடம், ஒரே இலக்கம் உள்ள இரண்டு அட்டைகளில் ஒன்று சில நூறு டொலருக்கும் மற்றது பல ஆயிரம் டொலருக்கும் போவது மூலையாலும் விளிம்பாலும்தான். அதனால் நான் எழுதப்போவதில் பாதிக்கு மேல் கடதாசியைக் காப்பாற்றுகிற வேலை பற்றியது.

பெட்டிகள் வரும் நாளில் குளிர் கடுமையாக இருந்தால் உடனே திறக்காதே. வாகனத்தில் உறைந்து கிடந்த பெட்டியைச் சூடான வீட்டுக்குள் திறந்தால், வீட்டுக் காற்றின் ஈரம் அட்டைகளின் மேல் பனித்துப் படியும். பளபளப்பான அட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதற்கு அதுவே போதும். மூடியபடியே ஒரு இரவு விட்டு, காலையில் திற.

வைக்கிற இடம் நிலவறையாக இருக்கக் கூடாது. கோடையில் அங்கே ஈரம் ஏறும், தண்ணீர்க் குழாயோ ஹீற்றரோ கசிந்தால் முதலில் நனைவது நிலத்தில் இருக்கும் பெட்டிதான். மேல்தளத்தில், வெளிச்சுவரோடு ஒட்டாத ஒரு அலுமாரியில் வை. ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி ஒன்றை வாங்கி உள்ளே போடு. 40 முதல் 50 வீதம் நல்லது. மாரியில் ஹீற்றிங் ஓடும்போது அது 30க்குக் கீழே இறங்கும். அப்போது மினுக்க முகப்புள்ள புதிய அட்டைகள் வில்லாக வளையும், ஏனென்றால் பின்பக்கக் கடதாசி காய்ந்து சுருங்க, முன்பக்கத் தகடு சுருங்காமல் நிற்கிறது. வளைந்ததைப் புத்தகத்துக்குள் வைத்து நசுக்காதே, மேற்பரப்பில் கோடு விழும். ஈரப்பதம் பழைய நிலைக்கு வந்தால் பெரும்பாலானவை தாமே நிமிரும்.

பிளாஸ்ரிக்கில் கவனம். எண்பதுகளில் விற்ற, கோப்பில் போடும் ஒன்பது அறைப் பக்கங்கள் பல பீவீசீயால் ஆனவை. தொட்டால் மெல்லிய எண்ணெய்ப்பசை, மூக்கில் புதுப் பிளாஸ்ரிக் வாசம். அதற்குள் இருக்கும் மென்மையாக்கி வெளியேறி அட்டையின் மையைக் கரைத்துத் தன்னோடு ஒட்டிக்கொள்ளும். அப்படி எதையும் கண்டால் அன்றைக்கே அட்டைகளை வெளியே எடு. பொலிப்ரொப்பிலீன் அல்லது மைலார் என்று உறையில் எழுதியிருப்பதை மட்டும் வாங்கு. கோப்பின் வளையம் வட்டமாக இருந்தால் முதுகுப் பக்க அட்டைகளில் வளையம் அழுத்தித் தடம் பதியும். ஒரு பக்கம் நேராக நிமிர்ந்த வளையமுள்ளதைத் தேடு.

உறையில் போடும் விதத்தைப் பழகிக்கொள். கையைக் கழுவி நன்றாகத் துடை, கிறீம் பூசியிருக்கக் கூடாது. பருத்திக் கையுறை வேண்டாம், விரல் உணர்வு போய் மூலை மாட்டும். பென்னி ஸ்லீவ் எனும் மெல்லிய பிளாஸ்ரிக் உறையின் இரண்டு ஓரத்தையும் லேசாக அழுத்தினால் வாய் வட்டமாகத் திறக்கும். வெளிச்சத்தில் பிடித்து உள்ளே தூசி இருக்கிறதா பார். ஒரு மணல் துகள் போதும், மினுக்க முகப்பில் கீறல் விழ. அட்டையின் நீண்ட ஓரங்களை இரண்டு விரலால் பிடித்து, கீழ் விளிம்பு முழுவதும் ஒரே நேரத்தில் இறங்கும்படி விடு. ஒரு மூலையை முன்னுக்கு நுழைத்தால் அந்த மூலைதான் மடியும். பிறகு ஸ்லீவோடு ரொப்லோடர் எனும் விறைப்பான பிளாஸ்ரிக் உறைக்குள் போடு. ஸ்லீவ் இல்லாமல் நேரே ரொப்லோடருக்குள் போட்ட அட்டை ஒவ்வொரு அசைவிலும் உரஞ்சுப்படும்.

ரொப்லோடரின் தடிப்பைப் பொயின்ற் கணக்கில் சொல்வார்கள். ஒரு பொயின்ற் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சாதாரண அட்டைக்கு 35 பொயின்ற் சரி. சீருடைத் துண்டு பதித்த தடித்த அட்டைகளுக்கு 130 அளவில் வேண்டும், சிலவற்றுக்கு 180. இறுக்கமானால் விளிம்பு நசியும், தளர்வானால் உள்ளே ஓடி மூலைகள் இடிபடும். வாயை மூட சாதாரண ஒட்டுநாடா போடாதே, அதன் பசை காலப்போக்கில் உள்ளே இறங்கும். சுவருக்கு நிறம் பூசுகிறவர்கள் பாவிக்கும் நீல நாடாவில் ஒரு துண்டு வெட்டி, நுனியை மடித்து ஒட்டு. பிறகு எடுக்கிறவருக்குப் பிடி இருக்கும்.

இனி என்னென்ன இருக்கிறது என்று சொல்கிறேன்.

பழையவற்றில் முதலாவது பார்க்ஹேர்ஸ்ற் கம்பனி 1951-52 பருவத்துக்கு வெளியிட்ட செற், அதாவது இலக்கமிட்ட முழு வரிசை. மொத்தம் 105 அட்டைகள், அளவில் சிறியவை, 1¾க்கு 2½ அங்குலம். மொரிஸ் ரிஷார் 4ஆம் இலக்கம், கோர்டி ஹோ 66. ஹோ 1946இலேயே என்ஹெச்எல் என்ற ஹொக்கி லீக்கில் ஆடத் தொடங்கியவர், ரிஷார் அதற்கும் முன். அப்படியிருந்தும் இவைதான் அவர்களின் ரூக்கி அட்டைகள், அதாவது முதல் அட்டைகள், ஏனென்றால் போரால் நின்றுபோன அட்டைத் தயாரிப்பு பத்து வருடம் கழித்துத்தான் மீண்டும் தொடங்கியது. இவற்றைச் சாதாரண ஸ்லீவில் போட்டால் உள்ளே அலையும், அளவான சின்ன ஸ்லீவ் தனியாக வாங்கு. இதே பெட்டியில் பீ ஹைவ் படங்களும் உண்டு. சோளப்பாணி நிறுவனம் 1934 முதல் 1967 வரை வாடிக்கையாளருக்கு அனுப்பிய படங்கள் அவை. ஒட்டியிருக்கும் மட்டையிலிருந்து பிரிக்காதே.

ரொப்ஸ் கம்பனியின் 1966-67 செற்றில் 35ஆம் இலக்கம் பொபி ஓர். சுற்றிவரத் தொலைக்காட்சிப் பெட்டி மாதிரி மரநிறச் சட்டம். அந்தக் கபில நிறம் விளிம்பில் உதிர்ந்தால் உடனே வெள்ளை தெரியும். அதனால்தான் அதை மார்க்கரால் பூசி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். முகப்பைப் பார்த்து ஏமாறாமல் அட்டையைப் பக்கவாட்டில் பிடித்து விளிம்பைப் பார். மை கடதாசிக்குள் ஊறி இறங்கியிருந்தால் அது பூச்சு.

எல்லாவற்றிலும் நீ அதிகம் நேரம் செலவழிக்க வேண்டியது 1979-80 ஓ-பீ-சீ. ஒன்ராறியோவின் லண்டன் நகரத்தில் இருந்த கம்பனி. 396 அட்டைகள், ஒன்பது அறைப் பக்கத்தில் போட்டால் சரியாக 44 பக்கம். ஒரு அறைக்குள் இரண்டு அட்டையை முதுகோடு முதுகாகப் போட்டால் 22 பக்கத்தில் முடியும், ஆனால் போடாதே, ஒன்றையொன்று தேய்க்கும். 18ஆம் இலக்கம் வெய்ன் கிறெற்ஸ்கியின் ரூக்கி, 175 கோர்டி ஹோ தன் கடைசிப் பருவத்தில். இருவரும் ஒரே செற்றில் இருப்பதால் நான் இதை மற்ற எதையும் விட உயர்வாக வைப்பேன், விலை இல்லாவிட்டாலும்.

அமெரிக்காவில் ரொப்ஸ் அதே வருடம் அதே தோற்றத்தில் 264 அட்டை வெளியிட்டது. அதிலும் கிறெற்ஸ்கி 18தான். பின்பக்கத்தைத் திருப்பு: ஆங்கிலமும் பிரெஞ்சும் இருந்தால் ஓ-பீ-சீ, ஆங்கிலம் மட்டும் என்றால் ரொப்ஸ். ஓ-பீ-சீயின் விலை பல மடங்கு. அட்டைகளுக்குத் தரம் போடும் பீஎஸ்ஏ நிறுவனத்திடம் அதிகூடிய 10 தரம் பெற்ற ஓ-பீ-சீ கிறெற்ஸ்கி ஒன்று 2021இல் 3.75 மில்லியன் அமெரிக்க டொலருக்குப் போனது. அந்தத் தொகையைக் கேட்டு எங்களுடையதும் அப்படி என்று கணக்குப் போடாதே. நீல எல்லை உதிராமல், படம் நடுவில் வந்து, மூலை கூராக இருப்பது மிக அரிது.

ஓ-பீ-சீ தாள்களைக் கம்பியால் வெட்டியதால் பல அட்டைகளின் விளிம்பு நார் நாராகக் கிழிந்தது போலிருக்கும். அது பழுதல்ல, இயல்பு. மாறாக, அந்த வருட ஓ-பீ-சீயில் ஒரு விளிம்பு மட்டும் கத்தியால் சீவியது போல வழுவழுப்பாக இருந்தால் கவனி. அதே செற்றின் சாதாரண அட்டை நாலைந்தோடு சேர்த்து அடுக்கி மேசையில் தட்டிப் பார். ஒரு மயிரிழை குட்டையாக இருந்தாலும் மூலையைக் கூராக்க யாரோ வெட்டியிருக்கிறார்கள்.

போலி கிறெற்ஸ்கி நிறைய உலவுகிறது. பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியை எடுத்து முதலில் பின்பக்கத்துச் சின்ன எழுத்துகளைப் பார். அசலில் எழுத்து புள்ளியில்லாமல் ஒரே மையாக, ஓரம் தெளிவாக நிற்கும். அசலைப் படமெடுத்து மறுபடி அச்சடித்ததில் எழுத்தே புள்ளிகளால் ஆகியிருக்கும், ஓரம் கலைந்து தெரியும். பிறகு முகத்தைப் பார். அசலில் நான்கு நிறப் புள்ளிகள் ஒழுங்கான சிறு பூக்கள் போல அமைந்திருக்கும், போலியில் அவை குழம்பியோ ஒன்றின் மேல் ஒன்று விழுந்தோ கிடக்கும். சந்தேகமானால் அதே செற்றின் விலையில்லாத அட்டை ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடு. இதற்காகவே சில இரட்டைகளை அனுப்புகிறேன், அவற்றை விற்காதே.

1985-86 ஓ-பீ-சீயில் 9 மரியோ லெமியூ, 1986-87இல் 53 பற்றிக் ருவா. இரண்டும் தனி ரொப்லோடரில்.

1990-91ஐப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. அந்த வருடம் ப்ரோ செற், ஸ்கோர், அப்பர் டெக் மூன்றும் புதிதாக ஹொக்கிக்குள் வர, அச்சடித்துக் குவித்தார்கள். பிரிக்காத பெட்டிகள் இன்னும் எங்கும் கிடைக்கின்றன. பேரப்பிள்ளைகள் கையில் எடுத்து விளையாட அவையே சரியானவை. ஒட்டிப்போன அட்டைக் கட்டு ஏதும் கண்டால் உரித்துப் பிரிக்காதே, பக்கவாட்டில் மெதுவாக நகர்த்து.

2005க்குப் பிந்தியவற்றில் பார்க்க வேண்டியது அப்பர் டெக்கின் யங் கன்ஸ். புதிய வீரர்களுக்கான வரிசை, சேகரிப்பாளர் கடைகளில் விற்கும் ஹொபி பெட்டி ஒன்றுக்குச் சாதாரணமாக ஆறு வரும். சிட்னி குரொஸ்பி 2005-06இல் 201, அலெக்ஸ் ஒவெச்கின் அதே வருடம் 443, கொனர் மக்டேவிட் 2015-16இல் 201, கொனர் பெடார்ட் 2023-24இல் 451. ஒரே படம் பல வடிவில் வரும். பின்னாலோ முன்னாலோ 100க்கு இத்தனையாவது என்று இலக்கம் அடித்திருந்தால் அது எக்ஸ்க்ளூசிவ், 10க்கு என்றால் ஹைகுளொஸ். அவசரத்தில் சாதாரணமானவற்றோடு கலந்துவிடாதே. கையொப்ப அட்டைகளில் நேரே அட்டையில் எழுதியதற்கு, ஸ்ரிக்கரில் எழுதி ஒட்டியதை விட மதிப்பு. இரண்டையுமே யன்னல் வெளிச்சத்தில் வைக்காதே, மை வெளிறும்.

கிறேடிங்குக்கு, அதாவது தரம் போடுவதற்கு, எதை அனுப்புவது என்று கேட்டிருந்தாய். முதலில் நடுவமைப்பை அளந்து பார். இடது எல்லை 3 மில்லிமீற்றர், வலது 2 என்றால் அது 60-40. 55-45ஐத் தாண்டினாலே பீஎஸ்ஏயில் 10 கிடையாது, மேசையிலேயே தெரிந்துவிடும். பிறகு மேசை விளக்கின் கீழ் அட்டையைச் சரித்துச் சரித்துப் பார். நேரே பார்க்கும்போது தெரியாத கீறலும் பள்ளமும் சரிவில்தான் தெரியும். புதிய அட்டைக்கு 10 வரும் என்று எண்ணி அனுப்பாதே. 9 வந்தாலும் கட்டணமும் தபால் செலவும் மீளுமா என்று பார், மீளாவிட்டால் வீட்டிலேயே இருக்கட்டும். பழைய பெரிய அட்டைகளுக்கு இந்தக் கணக்கு வேறு. பொபி ஓர், கோர்டி ஹோ, கிறெற்ஸ்கி மூன்றும் 4 அல்லது 5 வாங்கினாலும் அனுப்பலாம், அசல் என்ற உறுதிக்காக. பீஎஸ்ஏக்கு ரொப்லோடரில் அனுப்பாதே, காட் சேவர் எனும் வளையக்கூடிய உறையில் போடவேண்டும். எல்லை தாண்டி அனுப்ப விருப்பமில்லை என்றால் கனடாவிலேயே கேஎஸ்ஏ என்ற தரம் போடும் நிறுவனம் இருக்கிறது, ஆனால் விற்கும்போது பீஎஸ்ஏக்குத்தான் கூடிய விலை.

விலை பார்க்கும்போது ஈபேயில் கேட்கும் விலையைப் பாராதே, விற்று முடிந்தவற்றை மட்டும் வடித்துப் பார். அதே தரத்தில் கடைசியாக விற்ற ஐந்தையாவது எடு. ஒருவர் வந்து எல்லாவற்றையும் மொத்தமாக ஒரு தொகைக்குத் தா என்று கேட்டால், மேலே சொன்ன அட்டைகளைத் தனியே எடுத்து வைக்காமல் பதில் சொல்லாதே.

வீட்டுக் காப்புறுதியில் சேகரிப்புப் பொருட்களுக்குத் தனி உச்சவரம்பு இருக்கும். உன் முகவரிடம் கேட்டு, தேவையென்றால் தனியாகச் சேர்த்துக்கொள். அதற்கு முன்பக்கமும் பின்பக்கமும் படமெடுத்த பட்டியல் வேண்டும், எனவே பெட்டிகளைப் பிரித்த கையோடு பெரிய அட்டைகளைப் படமெடு.

1979-80 செற்றில் இன்னும் சில இலக்கங்கள் குறைகின்றன, பட்டியல் முதல் பெட்டியின் மூடிக்குள் ஒட்டியிருக்கிறது. ரொறொன்ரோ ஸ்போர்ட் காட் எக்ஸ்போ வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் நடக்கும். போகும்போது அந்தப் பட்டியலின் பிரதியும் பெரிதாக்கும் கண்ணாடியும் கொண்டு போ. விலை மலிந்த சாதாரண அட்டைகளை மேசைக்குக் கீழே நீளப் பெட்டிகளில் வைத்திருப்பார்கள், கேட்டால் எடுத்துத் தருவார்கள்.

அன்புடன்,
அம்மா